மாத்திரைப் பெட்டியோடு கல்லங்குறிச்சிக்கு நடை

போனது ஐந்து பேர்.

கோவிந்தன். அறுபது வயது. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வருஷா வருஷம் நடக்கிறவர். வழி சொன்னவர் அவர்தான்.

செல்வராசு. கோவிந்தனின் அக்கா மகன். முப்பத்துநாலு வயது. ஒன்றரைக் காணி நிலம் உண்டு. மழை இல்லாத நாளில் டவுனில் மூட்டை தூக்குவான். காசநோய் கண்டு தை மாதத்திலிருந்து மாத்திரை தின்கிறவன்.

மல்லிகா. செல்வராசு பெண்சாதி. கூட நடந்தாள்.

சாதிக். லப்பைக்குடிக்காட்டுக்காரன். சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து இங்கே சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறான். எங்கள் மூட்டை முடிச்சும் தண்ணீர்க் குடமும் அவன் வண்டியில்.

நான், அஞ்சலை. குரும்பலூரில் இட்லிக்கடை. படிப்பு ஐந்தாவது வரை. செல்வராசுவின் மாத்திரைப் பெட்டி என் கையில்.

இது 2004ஆம் வருஷம், பங்குனி மாதம்.

பெட்டி ஏன் என் கையில் என்று சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. ஊரில் ஒரு ஆளிடம் பெட்டியைக் கொடுத்து வைப்பார்கள். நோயாளி அவரிடம் வந்து, அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. ஆறு மாதம். எங்கள் தெருவுக்கு யார் என்று நர்ஸம்மா கேட்டபோது நான் சரி என்றேன். என் வீட்டுக்காரர் இதே நோயில் போனவர். இருமல் நின்றதும் மருந்தை விட்டார். நோய் திரும்பி வந்தபோது மருந்துக்குக் கட்டுப்படவில்லை.

செல்வராசு காலையில் கடைக்கு வருவான். இரண்டு இட்லி தின்பான். மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுவான். மாசிக் கடைசியில் அவனுக்கு இருமல் நின்றது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

பயந்தபடியே ஒரு நாள் சொன்னான்.

"பெரியம்மா, பெருமாளு கண்ணத் தொறந்துட்டாரு. நடந்து போயி வேண்டுதல முடிச்சுட்டு வந்துட்டா, அப்பறம் மாத்திர வேணாம்."

"நர்ஸம்மா ஆறு மாசம்னு சொல்லியிருக்கு."

"வேண்டுதல் முடிஞ்ச பொறவும் மாத்திர தின்னா சாமிய நம்பலன்னு அர்த்தம். அது தெய்வக் குத்தம் பெரியம்மா."

அவன் வேண்டுதல் இது. தையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பிழைத்தால் தன் எடைக்கு எடை மக்காச்சோளம் கல்லங்குறிச்சியில் கொட்டுவதாக வேண்டிக்கொண்டான். அந்த வாரமே கோவிந்தன் அவனை ஆஸ்பத்திரியில் எடை பார்த்த கணக்கைக் கேட்டு, சொந்தக் காட்டுச் சோளத்தை அளந்து மூட்டை கட்டினார். முப்பத்தெட்டு கிலோ. வாயை மஞ்சள் துணியால் கட்டினார். சாமிக்கென்று கட்டிய மூட்டையை அவர்கள் வீட்டில் பிறகு அவிழ்ப்பதில்லை. ஒரு மணி கூடச் சேர்ப்பதில்லை, எடுப்பதில்லை. மூட்டை பங்குனி வரை பரணில் இருந்தது.

நடை ஞாயிறு புறப்பட்டுத் திங்கள் போய்ச் சேர்வது. திங்கள் மாத்திரை நாள். கடையை இரண்டு நாள் மூடிவிட்டுப் பெட்டியோடு நானும் கிளம்பினேன்.

ஞாயிறு காலை, ஐந்தே முக்கால். குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு முதல் பஸ். டிக்கெட் மூன்று ரூபாய். எட்டு கிலோமீட்டர் இருக்கும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சாதிக் வண்டியோடு நின்றான். மூட்டையைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க, மஞ்சத் துணி கட்டி மாப்ள மாதிரி படுத்திருக்காரு?" என்றான்.

"சாமி மூட்ட. கால் படக் கூடாது" என்றார் கோவிந்தன்.

"என் கால் பிரேக்குல இருக்கும் பெரியவரே. கவலப்படாதீங்க."

ஆறரைக்கு அரியலூர் ரோட்டில் நடக்கத் தொடங்கினோம். நான்கு பேர் நடை. சாதிக் கொஞ்ச தூரம் முன்னால் போய் மரம் பார்த்து நிற்பான். நாங்கள் வந்து சேர்ந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி போவான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து கல்லங்குறிச்சி இன்னும் ஐந்து. நல்ல ஆளுக்கு ஒரு நாள் நடை. செல்வராசுக்காக இரண்டு நாளாக்கினார்கள்.

எட்டு மணிக்குக் கவுல்பாளையம். டீக்கடையில் டீ இரண்டரை ரூபாய். இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடிந்து செடியின் காய்ந்த மாறு மட்டும் நின்றது. மக்காச்சோளத் தட்டையை மாடுகள் தின்றுகொண்டிருந்தன. வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறைகள் ரோட்டோரம். நிழல் குறைவு. புளியமரம் வந்தால் உட்கார வேண்டும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது.

செல்வராசு நன்றாகவே நடந்தான். மேட்டில் மட்டும் மூச்சு வாங்கியது. மல்லிகா அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வண்டியில் ஏறு என்று ஒரு தடவை சொன்னாள்.

"ஏறுனா வேண்டுதல் இல்ல."

"வுழுந்தா?"

"வுழுந்தா அப்பறம் பாத்துக்கலாம்."

பதினொன்றரைக்குப் பேரளி. அங்கே ஒரு கோயில் மண்டபத்தில் வெயில் தாழப் படுத்தோம். கோவிந்தன் தூங்கவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து, வருகிற போகிற லாரியை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"நீங்களும் மாத்திர வேணாம்னுதான் சொல்றீங்களா அண்ணே?"

"நான் சொல்லல. அவன் சொல்றான்."

"நீங்க சொன்னா கேப்பான்."

"எது சொன்னாலும் கேக்கறவங்கிட்ட நான் எதச் சொல்றது தங்கச்சி? நாப்பது வருசமா அந்தக் கல்லக் கும்புடறேன். ஒரு தடவ கூட எனக்குப் பதில் சொன்னதில்ல. நான் எப்புடி அது சார்புல பதில் சொல்ல முடியும்?"



மூன்றரைக்கு மறுபடி நடை. சித்தளி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு ஓடை. தண்ணீர் இல்லை. மழை அறுத்த கரையில் கற்கள் தலை நீட்டிக் கிடந்தன. சாதிக் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தான். கல்தான். ஆனால் சிப்பி மாதிரி வரி வரியாக இருந்தது.

"காலேஜ் பசங்க வேன்ல வந்து பொறுக்கிட்டுப் போவாங்க அக்கா. ஒரு தடவ என் வண்டியக் கூட வாடகைக்கு எடுத்தாங்க. இங்க கடல் இருந்துச்சாம்."

மல்லிகா சிரித்தாள். "பெரம்பலூருல குடிக்கத் தண்ணி இல்ல. கடலாம்."

கோவிந்தன் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருந்திருக்கும். பெருமாளு கடல்லதான படுத்திருக்காரு."

"அப்ப வாத்தியாரு சொன்னது சரிங்கறீங்க" என்றான் சாதிக்.

"வாத்தியாருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்குங்கறேன்."

செல்வராசு ஒரு கல்லை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான்.

ஆறரைக்கு ரோட்டோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். வராண்டாவில் படுக்க வாட்ச்மேன் சம்மதித்தார். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோறு. அது அந்த நாளுக்கு ஒரே சாப்பாடு. அப்போதுதான் கோவிந்தன் மறுநாள் வழக்கத்தைச் சொன்னார். விடியலில் தலைக்குக் குளித்தால், கோயிலில் சாமியாக நிற்கிற கல்லுக் கம்பத்தைப் பார்க்கிற வரை துளசித் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் போடக் கூடாது.

எனக்கு அது தெரியாது. நான் இந்த நடைக்குப் புதிது. அவன் குளிப்பதற்கு முன்னால் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துப் படுத்தேன்.

திங்கள் காலை, நாலே முக்கால். நான் எழுந்தபோது செல்வராசு அடிபம்பில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். மல்லிகா அடித்துக் கொடுத்தாள்.

நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவன் தலை துவட்டிக்கொண்டு வந்தான். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டான்.

"துளசித் தண்ணியிலயே முழுங்கிடு" என்றேன்.

"வேணாம் பெரியம்மா."

"இது சாப்பாடு இல்லப்பா. மருந்து."

"சாப்பாடு இல்லதான். சந்தேகம். சாமிக்குக் கடன் குடுக்கப் போற வழியில சந்தேகத்த முழுங்கிட்டுப் போவச் சொல்றீங்களா?"

சாதிக் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எங்க நோம்புல நோயாளிக்கு விலக்கு இருக்கு மச்சான். ஒடம்பு தேறுன பொறகு வெச்சுக்கலாம். எங்கம்மா சக்கர மாத்திர போடுது, அல்லாகிட்ட துவாவும் கேக்குது. ரெண்டும் சண்ட போட்டுக்கல."

"ஒங்களுக்கு எழுதி வெச்சிருக்கு. எங்களுக்கு யாரு எழுதுனா?" என்றார் கோவிந்தன்.

நான் பெட்டியை மூடினேன். "பொழுது சாயறதுக்குள்ள கேளு. என்கிட்டதான் இருக்கும்."

வாதம் செய்து வாயைத் திறக்க வைக்கலாம். விழுங்க வைக்க முடியாது. அதுவும் இந்த ஒரு வேளை இல்லை. இன்னும் நாலு மாதம் விழுங்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்றவன் இனி என் கடைப் பக்கம் வர மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு நடை. அரியலூர் நெருங்க நெருங்க நிலம் மாறியது. கறுப்பு போய் வெளுப்பு வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக. ரோட்டோர வேப்பமரம், கூரை, நாய், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. செல்வராசு துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டான். அப்படியும் ஒரு இடத்தில் இருமினான். இரண்டே தடவை.

மல்லிகா நின்றுவிட்டாள். நானும் நின்றேன்.

"தூசி" என்றான் அவன்.

நடந்தோம்.

ஒன்பதரைக்கு அரியலூர் ரயில்வே கேட். மூடியிருந்தது. பெரம்பலூரில் ரயில் கிடையாது. மல்லிகா ரயிலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. வெயில் மண்டையில் அடித்தது. செல்வராசு வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. மல்லிகா துளசித் தண்ணீர் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்றோ என்னவோ, ரயில் போகிறபோதுதான் அவனிடம் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஒனக்கு முடியாம கெடந்தப்ப ஆண்டவனயும் கூப்புட்டேன், நர்ஸம்மாவயும் கூப்புட்டேன். நர்ஸம்மா சைக்கிள்ல வந்துச்சு. ஆண்டவன் எதுல வந்தான்னு எனக்குத் தெரியாது. ஒருவேள அந்த சைக்கிள்லயே பின்னாடி ஒக்காந்து வந்தானோ என்னமோ."

"வழியில பேசற பேச்சா இது?"

"வூட்டுல பேசுனா நீ எந்திரிச்சுப் போயிடற."

கேட் திறந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கல்லங்குறிச்சி. திருவிழாக் கூட்டம். மாட்டு வண்டியில் நெல் மூட்டையோடு வந்தவர்கள், கன்றுக்குட்டியை நேர்ந்து ஓட்டி வந்தவர்கள், மொட்டை போட்ட பிள்ளைகள். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே சிலை இல்லை. கல்லுக் கம்பம்தான் சாமி. அதற்குத்தான் துளசி மாலை, அதற்குத்தான் தீபம். கும்பிட்டவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இவன் வாயைத் திறக்கட்டும் என்று கேட்டேன்.

பிறகு தராசு. வெளியே வேப்பமரத்தடியில் பெரிய தட்டுத் தராசு கட்டியிருந்தார்கள். எடைக்கு எடை போடுகிறவர்களுக்காக. தராசுக்காரர் தலையில் முண்டாசு, காதில் பீடி.

செல்வராசு ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கோவிந்தனும் சாதிக்கும் மூட்டையை மறு தட்டில் வைத்தார்கள். மஞ்சள் துணி அவிழ்க்காமல்.

செல்வராசு தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. மூட்டை மேலேயே நின்றது.

தராசுக்காரர் கயிற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "மூட்ட பத்தல."

"பத்தாம எப்புடி? அளந்து கட்டுனது" என்றார் கோவிந்தன்.

"எப்ப அளந்தீங்க?"

"தையில."

"தைமாசத்து ஆளக் கூட்டியாந்திருந்தா சரியா இருந்திருக்கும். நீங்க பங்குனி மாசத்து ஆளக் கூட்டியாந்திருக்கீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தராசுக்காரர் மூட்டை மேல் ஐந்து கிலோக் கல்லை வைத்தார். தட்டு அசைந்தது. அரைக் கிலோக் கல்லையும் வைத்தார். இரண்டு தட்டும் நேராக நின்றன.

செல்வராசு குனிந்து தன் தொடையைப் பார்த்தான். கையால் தடவிப் பார்த்தான். தன்னுடையதுதானா என்று பார்க்கிற மாதிரி. எனக்கே ஆச்சரியம். வாரம் மூன்று நாள் கண்ணால் பார்க்கிறேன். அவன் எடை ஏறினது எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சரக் கிலோ இங்கயே வாங்கிப் போட்டுடுங்க. நல்ல சோளம், நானே தரேன்" என்றார் தராசுக்காரர்.

கோவிந்தன் தலையை ஆட்டினார். "சொந்தக் காட்டுச் சோளம்தான் போடணும். வாங்கிப் போட்டா எங்களுது ஆவாது. வெளைஞ்சதக் கொண்டாந்து அடுத்த வருசம் போடறோம்."

"அப்ப வேண்டுதல் பாக்கி."

"பாக்கிதான்."

செல்வராசு தட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பின்னால் வரிசையில் நின்றவர் இறங்கப்பா என்றார். அவன் இறங்கவில்லை.

"மாமா. இந்த அஞ்சரக் கிலோ யாரு குடுத்தது?"

கோவிந்தன் தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலடா. இட்லியும் அதுல இருக்கு. மாத்திரயும் இருக்கு. சாமியும் இருக்கு. பிரிச்சு நிறுக்க இவருகிட்ட தராசு இல்ல. ஒண்ணு மட்டும் தெரியுது. வேல இன்னும் முடியல. நடுவுல நிக்குது. நடுவுல நிக்கறத நீ நிறுத்தாத. அந்தப் பொட்டியக் குடு தங்கச்சி."

"சந்தேகம் ஆயிடாதா?"

"கடனே முடியலடா. சந்தேகப்படறதுக்கு இன்னும் காலம் வரல."

தராசுத் தட்டில் உட்கார்ந்தபடியே விழுங்கினான். துளசித் தண்ணீரில். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், அது இந்தக் கோயில் வழக்கம் என்று நினைத்துத் தன் மகனையும் வாயைத் திறக்கச் சொன்னாள். சாதிக் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

சோளத்தைக் கொட்டிவிட்டுக் கோயிலில் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டோம். மல்லிகா தன் பங்கில் பாதியை அவன் இலையில் வைத்தாள். அவன் அதையும் தின்றான்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். திரும்பி நடக்கிற வழக்கம் இல்லை. சாதிக்குக் குன்னத்தில் ஒரு லோடு இருந்தது. எங்களை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். வாடகையில் பாதிதான் வாங்கினான். கோவிந்தன் வற்புறுத்தினார். "மீதிக்கு எங்கம்மாவுக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாலரை பஸ். பெரம்பலூருக்கு ஒன்பது ரூபாய். இரண்டு நாள் நடந்த ரோட்டை ஒரு மணி நேரத்தில் பஸ் தின்றுவிட்டது. ஜன்னலோரம் வெளுத்த மண் மெல்லக் கறுத்தது. செல்வராசு தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. இருமல் இல்லை.

நான் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. கம்பத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. படித்தவர்கள் மாத்திரையை ஏன் நம்புகிறார்கள் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரியாது. நர்ஸம்மா வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். நான் காப்பி கொடுத்தால் பாதியை மிச்சம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். பொய் சொல்ல அவ்வளவு தூரம் யாரும் மிதிக்க மாட்டார்கள். நான் நம்பியது அதைப் பார்த்துத்தான். செல்வராசு சாமியை நம்பியதும் கோவிந்தன் நாற்பது வருஷமாக நடப்பதைப் பார்த்துத்தான் இருக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

அரியலூரில் தூசி அதிகம். ஆனால் ரயில் இருக்கிறது. எங்கள் ஊரில் காற்று நன்றாக இருக்கிறது. பஸ்ஸை விட்டால் நடைதான். இரண்டில் எது தேவலாம் என்று மல்லிகா கேட்டாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தின்ற இட்லியும் என் கடை இட்லி மாதிரி கல்லாகத்தான் இருக்கிறது என்றேன்.

புதன்கிழமை காலை செல்வராசு கடைக்கு வந்தான். வெள்ளியும் வந்தான். ஆடி மாதம் வரை வந்தான். நடுவில் ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை மாமியார் வீட்டுச் சாவு. சாவு வீட்டுக்குப் பெட்டியோடு நான் போனேன். ஆடியில் சளி பார்த்தார்கள். கிருமி இல்லை என்று நர்ஸம்மா வந்து சொன்னார். காப்பியை முழுசாகக் குடித்தார்.

அடுத்த வருஷம் பங்குனியில் பாக்கியைப் போட நடந்தோம். கோவிந்தனுக்கு முழங்கால் வலி. சாதிக்கின் வண்டியில் வந்தார். அதை வேண்டுதலில் சேர்க்கக் கூடாது என்று அவரே சொல்லிக்கொண்டார். ஐந்தரைக் கிலோவைக் கொட்டிய பிறகு, யாரும் சொல்லாமலே செல்வராசு தட்டில் ஏறி உட்கார்ந்தான். தராசுக்காரர் கல் மேல் கல்லாக வைத்தார்.

ஐம்பத்திரண்டு கிலோ.